டி மைனஸ் 84: அக்காவுக்கு ஏழாம் மாசம்!



பழவேற்காட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு கவுண்ட்-டவுன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற அன்றைக்கு கடலுக்குப் போகாதீங்க என்று முன்னாடியே சொல்லி விடுவார்கள். அன்றைக்கு வலை கரையில், படகு கரையில், மொத்த குப்பமும் கரையில். சின்னப் பசங்க கூட பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தாலும், ராக்கெட் மேலே போவதற்கு முன்னால் எத்தனை நாள் என்னென்ன சரிபார்த்திருப்பார்கள் என்று யோசிக்க மாட்டோம். புகை வந்தால் கை தட்டுவோம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போது வேறொரு கவுண்ட்-டவுன் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு செப்டம்பர் 10-ஆம் தேதியோடு 28 வாரம் முடிந்தது. டாக்டர் அட்டையில் எழுதிக்கொடுத்த தேதி டிசம்பர் 3. நடுவில் சரியாக 84 நாள். இந்த 84 நாளைத்தான் மூன்றாவது டிரைமெஸ்டர் என்கிறார்கள். அதன் ஆரம்பத்தில் என்னவெல்லாம் நடக்கும், என்னவெல்லாம் செய்து வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"பி.காம் படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு ஆரம்பித்தாலே பசங்க எழுந்து வெளியே போய்விட வேண்டும், அது எழுதாத சட்டம். ஆனால் மாமா கடலுக்குப் போய்விடுவார், அப்பாவும் அப்படித்தான். அக்காவோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க, அட்டையைப் படிக்க, நர்சம்மா சொல்வதை ஞாபகம் வைக்க வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். (கல்லூரி பொன்னேரியில், ஆஸ்பத்திரியும் பொன்னேரியில். எஸ்கேப் ஆக வழியே இல்லை.) நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து விஷயமெல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான். சரி, மேட்டருக்கு வருவோம்.

1. எத்தனை மாசம்? மூணு பேர், மூணு கணக்கு

அக்கா வந்த அன்றைக்கே வீட்டில் ஒரு குழப்பம். "ஆறரை மாசம்" என்றார் அம்மா. "ஏழு முடிஞ்சு எட்டு பொறந்துடுச்சு" என்றாள் ஆயா. அட்டையில் "28 வாரம்" என்று இருக்கிறது. யார் சொல்வது சரி?

மூன்றுமே சரிதான்! கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளில் இருந்து கணக்கு ஆரம்பிக்கும். அக்காவுக்கு அது பிப்ரவரி 26. காலண்டர் மாதத்தில் எண்ணினால் செப்டம்பர் 10-க்கு ஆறரை மாதம். ஆயா கணக்கில் ஒரு மாசத்துக்கு 28 நாள். நாலு வாரம் ஒரு மாசம் என்றால் 28 வாரம் ஏழு மாசம். "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்று அம்மாக்கள் சொல்வது சும்மா இல்லை. பத்து 28 நாள் என்றால் 280 நாள், அதாவது 40 வாரம். டாக்டர்கள் பிரசவ தேதி குறிக்கவும் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுவார்கள். பிப்ரவரி 26-க்கு 9 மாதம் கூட்டினால் நவம்பர் 26, இன்னும் 7 நாள் கூட்டினால் டிசம்பர் 3. கணக்கு டேலி!

ஆனால் ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் மாசத்தைச் சொல்லாமல் வாரத்தைச் சொல்லுங்கள். "எட்டாம் மாசம்" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வேறு மாதிரி புரிந்துகொண்டால் நாலு வாரம் தவறிப்போகும். நாலு வாரத்தில் குழந்தை விஷயத்தில் நிறைய மாறிவிடும். 37 வாரம் முடிந்தால்தான் நிறைமாதம். அதற்கு முன்னால் பிறந்தால் குறைமாதம்.

2. உள்ளே என்ன நடக்கிறது?

28 வாரத்தில் குழந்தை ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ இறால் பையைக் கையில் தூக்கிப் பார்த்திருப்பீர்களே, அவ்வளவு எடை. கண்ணைத் திறந்து மூடும். வெளியே சத்தம் கேட்டால் அசையும். வளைகாப்பில் வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்று ஆயா சொல்வதைக் கதை என்று நினைத்திருந்தேன். காது அந்த மாசத்தில் உண்மையாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறதாம். ஆயாவுக்கு ஒரு பாயிண்ட். :-)

நுரையீரல் மட்டும் இன்னும் தயாராகவில்லை. இந்த நேரத்தில் முன்கூட்டியே வலி எடுத்தால் "சூடு பிடிச்சிருக்கு, சீரகத் தண்ணி குடி" என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். 34 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆகும் போல இருந்தால், குழந்தையின் நுரையீரலை முதிரவைக்க அம்மாவுக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். பிரசவத்துக்கு எவ்வளவு முன்னால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறோமோ அவ்வளவு நல்லது.

அம்மாவாகப் போகிறவருக்கு என்ன ஆகும்? அக்கா தினமும் போடும் லிஸ்ட் இது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்செரிச்சல். ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இடுப்பு வலி. அரை மணிக்கு ஒரு தரம் பாத்ரூம். சாயங்காலம் பாதம் வீங்கும். மல்லாந்து படுத்தால் தலை சுற்றும். கர்ப்பப்பை பின்னால் இருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால் அப்படி. அதனால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள், இடது பக்கம் என்றால் இன்னும் நல்லது. அவ்வப்போது வயிறு கல் மாதிரி இறுகி, கொஞ்ச நேரத்தில் தானாகவே இளகும். எங்கள் பக்கம் இதைச் சூட்டு வலி என்பார்கள். நடந்தாலோ படுத்தாலோ நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். விட்டு விட்டு, ஒரே இடைவெளியில், நேரம் ஆக ஆக நெருங்கி வந்தால் அது சூட்டு வலி இல்லை, கிளம்ப வேண்டியதுதான்.

இன்னொரு வேலையும் இந்த மாசத்தில் ஆரம்பம், அசைவு எண்ணுவது. சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்து எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வரவேண்டும். அக்கா பத்து புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்றை எடுத்து வெளியே போடுவாள். பெரும்பாலும் அரை மணியில் கிண்ணம் காலி. பையன் (அல்லது பொண்ணு) எங்கள் மாமா மாதிரி, சும்மா இருக்கத் தெரியாது.

3. ரத்தக் கணக்கு

இது என் ஏரியா. இதையும் ஒரு லெட்ஜர் மாதிரி பாருங்கள்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் ஆபத்தான நிலை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது வரிசையில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு. தினமும் மீன் சாப்பிடுகிற ஊர், நமக்கெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள். நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போய்விடுகிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிஞ்சுவது குழம்பும் டீயும்தான்.

அக்காவுக்கு செப்டம்பரில் 9.6. இதுதான் ஓப்பனிங் பேலன்ஸ். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாசத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் ஏறும் என்றார் நர்சம்மா. செப்டம்பர் 10-இல் இருந்து டிசம்பர் 3 வரை கிட்டத்தட்ட மூன்று மாசம். 12-ஐத் தொட்டுவிடலாம். இதையே நவம்பர் கடைசியில் ஆரம்பித்தால்? ஏறுவதற்கு நாளே இருக்காது. பிரசவத்தில் எல்லாருக்குமே ரத்தம் போகும். பிரசவத்துக்குப் பிறகு நிற்காமல் போகும் ரத்தம்தான் தாய்மார்கள் இறப்பதற்கு முக்கியமான காரணம். 12 இருக்கிறவள் தாங்குகிற இழப்பை 8 இருக்கிறவளால் தாங்க முடியாது. கையிருப்பு வைத்திருக்கிற கடை ஒரு நஷ்டத்தைத் தாங்கும், இல்லாத கடை அன்றைக்கே மூடும். அதே கதைதான்.

நர்சம்மா சொன்ன டிப்ஸ்:
- இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சாப்பிடக் கூடாது. டீ சத்தை இறங்க விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.
- கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று காலையில் என்றால் இன்னொன்று ராத்திரி.
- எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நன்றாக இறங்கும்.
- மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையின் நிறம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். (நிறைய பேர் நிறுத்துவதே இதனால்தானாம்!)
- மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள்.

மீன் விஷயத்தில் எங்கள் வீட்டுக்கே ஒரு பாடம் கிடைத்தது. நெத்திலி, மத்தி, கானாங்கத்தி மாதிரி சின்ன மீன்கள் தாராளமாகச் சாப்பிடலாம். சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், இப்போது வேண்டாம். "பிள்ளை பெத்தவளுக்கு சுறாப்புட்டு கொடுக்காம எப்புடிடா?" என்று ஆயா ஒரு பிடி பிடித்தாள். பால் கொடுக்கும்போதும் மத்தியே போதும் ஆயா என்று சொல்லியிருக்கிறேன். பேச்சுவார்த்தை தொடர்கிறது.

4. இது வந்தால் யோசிக்கவே கூடாது

- எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரத்தப்போக்கு
- விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது
- முகமும் கையும் திடீரென்று வீங்குவது
- வலிப்பு
- தண்ணீர் மாதிரி கசிவது
- குழந்தையின் அசைவு குறைவது
- காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி

இரண்டாவதும் மூன்றாவதும் ரத்தக்கொதிப்பு ஏறுவதன் அறிகுறி. 140-க்கு 90-ஐத் தொட்டாலே டாக்டர் உஷாராகிவிடுவார். இந்தக் கோளாறு பெரும்பாலும் தலைகாட்டுவது இந்த மூன்றாவது டிரைமெஸ்டரில்தான். அதனால்தான் இதுவரை மாசம் ஒருமுறை இருந்த செக்கப், 28 வாரத்துக்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 36-க்கு மேல் வாரம் ஒருமுறை என்று நெருங்குகிறது.

5. ஆஸ்பத்திரி இருக்கிறது, வண்டி இருக்கிறது. அப்புறம் என்ன?

தமிழ்நாட்டில் இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். மேலே சொன்ன அதே ஆய்வில் 99 சதவீதத்துக்கும் மேல். 2018-20 கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த 54 பேரில் நிறைய பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் இல்லை. போய்ச் சேர்ந்தவர்கள், ஆனால் நேரம் கழித்து.

இதைப் பற்றி செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்மார் மரணத்துக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருக்கின்றன என்றார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். உலகம் முழுக்க இன்றைக்கும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இதை எங்கள் ஏரிக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டாவது தாமதம் எல்லாருக்கும் கண்ணில் தெரியும். படகில்தான் போக வேண்டிய ஊர்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அக்கா வாழ்க்கைப்பட்டதும் அப்படி ஒரு ஊர். 108-க்குப் போன் போட்டாலும் வண்டி படகுத்துறை வரைதான் வரும். பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆபரேஷன் அளவுக்குப் போனால் பொன்னேரி, அது 20 கிலோமீட்டர் பக்கம். அதற்கும் மேலே என்றால் சென்னை. அக்காவின் தேதியோ டிசம்பர் முதல் வாரம், அடைமழைக் காலம். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்ததும் இதே டிசம்பர் 3, 4 தேதிகளில்தான்.

ஆனால் கண்ணில் தெரியாத முதல் தாமதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சில வருஷம் முன்னால் எங்கள் தெருவில் ஒரு அண்ணிக்கு நடந்தது இது. எட்டாம் மாசம். சாயங்காலம் இருந்தே தலைவலி, கண் மங்கலாக இருக்கிறது என்றார். வீட்டுக்காரர் கடலில். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போய்விட்டால் போன் கிடைக்காது. "அவன் வந்துடட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு போலாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். படகு கரை சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அண்ணி பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி திறந்திருந்தது. வண்டி கிடைத்திருக்கும். பணம் கூட இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். "கிளம்பு" என்று சொல்ல ஒரு ஆள்.

6. வளைகாப்பில் ஒரு மீட்டிங்

நாங்கள் பேங்கிங் பாடத்தில் படித்திருப்போமே, ஆதரைஸ்டு சிக்னேட்டரி என்று? முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் செக்கில் கையெழுத்துப் போட்டு வேலையை நடத்த முன்கூட்டியே அதிகாரம் கொடுக்கப்பட்டவர். கம்பெனிக்கே அப்படி ஒருத்தர் வேண்டும் என்றால், வீட்டுக்காரர் பாதி நாள் தண்ணீரில் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டாமா?

ஆவணி கடைசி வாரத்தில் அக்காவுக்கு வளைகாப்பு. யோசித்துப் பார்த்தால் நம் பெரியவர்கள் சரியான நேரத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். மூன்றாவது டிரைமெஸ்டர் ஆரம்பிக்கும் அதே சமயத்தில் இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே! வளையல், சந்தனம், ஏழு வகை சாதம் எல்லாம் முடிந்து ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமாவிடம் கேட்டுவிட்டேன். "மாமா, நீங்க கடல்ல இருக்கும்போது அக்காவுக்கு ஒண்ணுன்னா யாரு முடிவு எடுக்கறது?"

பந்தியே அமைதி. "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சுடா இது" என்றார் அக்காவின் மாமியார். அம்மா என்னை முறைத்தார். சூட்டு வலிக்கெல்லாம் ஓடினால் ஊரே சிரிக்கும் என்றார் ஒரு பெரியப்பா. நான் ஒரு கணக்கு சொன்னேன். பொய் வலிக்குப் போய்த் திரும்பினால் நஷ்டம் படகு டீசல், ஆட்டோ, அரை நாள் வேலை. நிஜமான வலிக்குப் போகாமல் இருந்தால் என்ன நஷ்டம்? அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்போது மூலையில் இருந்து ஆயா வாயைத் திறந்தாள். "அவன் கேக்கறதுல இன்னா தப்பு? நான் ஆறு பெத்தேன். நாலுதான் நிக்குது. எனக்கு அப்போ இதைக் கேக்க ஆளு இல்ல."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மாமா கை கழுவிவிட்டு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். "உடம்பு அவளோடது. எப்போ கிளம்பணும்னு அவளே சொல்லட்டும். எனக்காக யாரும் காத்திருக்க வேணாம்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் இரண்டு குடும்பமும் கேட்க, நல்ல நேரத்தில், அவசரம் எதுவும் இல்லாதபோது சொன்ன வாக்கியம். நாளைக்கு நடு ராத்திரியில் மாமியாரும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

மற்றதை எல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதினோம்:
- அக்கா படகுத்துறை தாண்டி இந்தப் பக்கம், எங்கள் வீட்டிலேயே இருப்பது. மழை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இடம் மாறியாகிவிட்டது.
- மாமாவின் முறை நாட்கள். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைப் பாடு முறையில் ஊரே முடிவு செய்யும். உங்கள் முறையை விட்டால் அன்றைய சம்பாத்தியம் போச்சு. அதனால் அந்த நாட்களையும் செக்கப் நாட்களையும் ஒரே காலண்டரில் குறித்தோம்.
- 108 வராவிட்டால் யார் ஆட்டோ. இரண்டு பேர் நம்பர், ராத்திரி போனை எடுப்பவர்களாக.
- ரத்தம் கொடுக்க மூன்று பேர். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் இருக்க வேண்டும். (கிளாஸ்மேட்ஸ் கவனிக்க, மூன்றில் இரண்டு பேர் நம்ம கடைசி பெஞ்ச்தான். இனிமேல் டிசம்பர் 3 வரை டீக்கடையில் ஒழுங்காக சாப்பாடும் சாப்பிடுங்கடா.)
- ஆஸ்பத்திரிப் பை. அதில் முதலில் வைக்க வேண்டியது தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார்.

இதில் ஒரு முக்கியமான ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். புகுந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் அவள் போய்விட்டாள் என்று நினைப்பார். பிறந்த ஊர் செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. செக்கப் நெருங்கி வரவேண்டிய நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் போகிற வாய்ப்பு இது. அதனால் வந்த வாரமே அட்டையோடு போய் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண் எங்கே போனாலும் அதேதான். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. அங்கன்வாடியிலும் சொல்லிவிட்டால் சத்துமாவு கிடைக்கும்.

7. பணம்

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அதில் 14,000 பணமாகவும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். ஆனால் தவணை தவணையாக வருகிற பணம் அது. வலி எடுத்த ராத்திரியில் கைக்கு வருகிற பணம் இல்லை. லாபத்தில் ஓடுகிற கடையே கையில் காசில்லாமல் தடுமாறும் என்று கேஷ் ஃப்ளோ பாடத்தில் படிக்கவில்லையா? மழைக்காலத்தில் மீன்பாடும் சரியாக இருக்காது. அதனால் செப்டம்பரில் இருந்தே வாரம் இவ்வளவு என்று அம்மா ஒரு டப்பாவில் போடுகிறார். அந்த டப்பாவுக்கும் அக்காதான் சிக்னேட்டரி!

இன்றைய நிலவரம்

இன்று அக்டோபர் 10, டி மைனஸ் 54. போன செக்கப்பில் ஹீமோகுளோபின் 10.5. ரத்தக்கொதிப்பு சரியாக இருக்கிறது. போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு வயிறு இறுகியது. அக்கா எழுந்து பையை எடுத்தாள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ வந்தது, போனோம். நர்சம்மா பார்த்துவிட்டு சூட்டு வலிதான் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் தகவல் தெரிந்து மாமியார் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தால், "போயிட்டு வந்தது நல்லதா போச்சு. திரும்ப வந்தாலும் போ" என்றாராம். எனக்கு அந்த 10.5-ஐ விட இதுதான் பெரிய சந்தோஷம்.

டிசம்பர் 3 அன்று மழை பெய்யுமா, மாமா எங்கே இருப்பார், குழந்தை தேதிப்படி வருமா, எதுவும் நம் கையில் இல்லை. யார் "கிளம்பு" என்று சொல்வது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது ஏழாம் மாசம் என்றால், வளையல் வாங்கப் போகும்போது இந்த நாலு கேள்வியையும் கையோடு எடுத்துப் போங்கள். யார் முடிவெடுப்பது? எதில் போவது? யார் ரத்தம் கொடுப்பது? பணம் எங்கே இருக்கிறது? பந்தியில் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். பசங்களா இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்த கட்டுரையில் வழக்கம் போல ஜி.எஸ்.டி மொக்கையோடு சந்திக்கிறேன். வர்ட்டா!

பி.கு: பேர் என்ன வைக்கலாம் என்று இப்போதே வீட்டில் சண்டை. ராக்கெட் பேர் எதுவும் வைக்கக் கூடாது என்று அக்கா ஸ்ட்ரிக்டாகச் சொல்லிவிட்டாள்.